விலக்கப்பட்ட தட்டு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையே அமைந்துள்ள கிராமம் களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திற் கிணற்று நீரை இறைத்து வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் பயிரிட்டு வாழும் மக்களின் ஊர் அது. பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலையாலும் பெயர்பெற்ற இவ்வூரைக் களமாகக் கொண்டு கணினியின் வன்தட்டைப் பற்றி எழுதப் புகுவது வாசகருக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆயின், வன்தட்டின் பழுது என்பது தொழிற்சாலையில் மட்டும் தோன்றும் ஒன்றன்று; அது வாழும் வீட்டையும், அவ்வீட்டின் மீது வீசும் காற்றையும், வீட்டுக்கு வந்து போகும் மின்சாரத்தையும் பொறுத்ததாகும். எனவே இடத்தைச் சொல்லாமற் பழுதைச் சொல்ல முடியாது.

வீட்டுச் சேவையகம் என்பது பெயரளவிற்றான் பெரியது. பாவித்த மேசைக்கணினி ஒன்று. அதிலே லினக்ஸ் பணிசெயல் முறைமை. உள்ளே 4 ரெராபைற்றுக் கொள்ளளவுடைய வன்தட்டுகள் இரண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஆடிபோல் அமைக்கப்பட்டவை. ஒன்றில் எழுதப்படுவது அக்கணமே மற்றையதிலும் எழுதப்படும். ஒன்று பழுதுற்றாலும் மற்றையது நின்று பணி செய்யும். இம்முறைக்கு ரெயிட் எனப் பெயரிட்டு, கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றினிடத்தில் மலிவான சிறு தட்டுகள் பலவற்றைக் கூட்டாக இயக்கலாம் என்பதே அவர்தம் கருத்து. மலிவானவை பழுதுறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அப்பழுதைத் தாங்கும் அமைப்பை வகுத்தமையே அதன் சிறப்பு எனலாம்.

அப்பெட்டியினுள் இருப்பது யாது என்பதையும் கூறவேண்டும். என் தாய்மாமன் 1980களில் ஒலிநாடாக்களிற் பதிந்து வைத்த பாடல்கள் அவற்றுள் முதன்மையானவை. வசந்தன் பாடல்கள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்கள், வயல் வேலையின்போது பாடப்பெற்றவை, இவற்றோடு என் அம்மம்மா பாடிய தாலாட்டுகள். ஒலிநாடாக்கள் பலவற்றிற் பூஞ்சணம் படர்ந்து, இன்று அவற்றை ஓடவிட்டாற் சுருளே அறுந்துபோகும். இலக்கமுறைக்கு மாற்றியதன் பின்னர் பெட்டியிலுள்ள பிரதியே மூலத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. மட்டக்களப்பு மரபின்படி வீடு பெண்வழிச் செல்வது. எனவே பெட்டி இருப்பது என் தமக்கையின் வீட்டில். அதனைப் பராமரிப்பவன் அவர் மகன். நானோ பேராதனையில் இருப்பவன்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் மின்வெட்டு ஆண்டாக அமைந்தது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. அதன் பின்னரும் நாள்தோறும் சில மணிநேரம் மின்வெட்டு நீடித்தது. ஒரு சிறு மின்கலப் பெட்டி சேவையகத்தை ஒழுங்காக அணைப்பதற்குப் போதிய நிமிடங்களைத் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. அவ்வாண்டு சித்திரை மாத இறுதியில், மின்சாரம் மீண்டு வந்த ஒரு மாலையில், இரண்டாவது தட்டு கூட்டிலிருந்து விலக்கப்பட்டது. முறைமையின் குறிப்பேட்டில் அத்தட்டுக்கு நேரே 'பழுதுற்றது' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. முதலாவது தட்டு நின்று பணி செய்துகொண்டிருந்தது. பாடல்கள் முன்போலவே ஒலித்தன. வீட்டில் எவரும் வேறுபாட்டை உணரவில்லை. ஆடிமுறையின் வலிமையும் அதன் அபாயமும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

வைகாசியிற் குளிர்த்தி வந்தது. என் மருமகன் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டு எழுவான்கரைக் கோயில்களுக்கு இரவிரவாகச் சென்று பாடல்களைப் பதிந்தான். காலையில் வீடு திரும்பிப் பதிவுகளைச் சேவையகத்துக்கு மாற்றி, அடுத்த இரவுக்காக நினைவட்டையை வெறுமையாக்குவது அவன் வழக்கம். ஆகவே அவ்வாண்டுப் பதிவுகள் யாவும் நின்ற தட்டு ஒன்றிலே மட்டும் எழுதப்பட்டன. யூன் மாதத்திற் பழைய கோப்பு ஒன்று திறக்க மறுத்தபோதுதான் அவன் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, ரெண்டாவது தட்டு செத்துப் போச்சு. திரும்பச் சேர்த்துப் பாக்கட்டா, இல்லாட்டிப் புதுசு ஒண்டு வாங்குவமா?"

இவ்வினா இயல்பானது. எந்த வழிகாட்டி நூலைப் புரட்டினாலும் இவ்விரண்டில் ஒன்றையே விடையாகத் தரும். ஆயின் இரண்டுமே அந்நிலையில் பேரிழப்புக்கு இட்டுச் சென்றிருக்கும் என்பதுதான் நான் இங்கு விளக்க முற்படுவது.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைப்பன. ஸ்மார்ட் எனப்படும் அம்முறையில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எண் உண்டு. தட்டின் பரப்பு மிகச் சிறிய துண்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. கெட்டுப்போன துண்டத்துக்கு ஈடாக ஒதுக்கிடத்திலிருந்து வேறொன்று கொடுக்கப்பட்டால் அக்கணக்கு 5ஆம் எண்ணில் ஏறும். வாசிக்க முயன்று தோற்று, முடிவு கூறப்படாமற் காத்திருக்கும் துண்டங்களின் கணக்கு 197. 199ஆம் எண்ணோ தட்டின் பரப்பைப் பற்றியதே அன்று. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே வடத்தின் வழி செல்லும் தரவு எத்தனை முறை சிதைந்து வந்தது என்பதை அது கூறும். நோய் உடம்பிலா வழியிலா என்பதை இவ்வெண்கள் ஓரளவுக்குப் பிரித்துக் காட்டுகின்றன.

தொலைபேசியில் இரண்டு தட்டுகளின் எண்களையும் வாசிக்கச் சொன்னேன். விலக்கப்பட்ட இரண்டாவது தட்டில் 5ஆம் எண் பூச்சியம், 197 பூச்சியம், 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நின்ற முதலாவது தட்டில் 199 பூச்சியம், 5 பூச்சியம், 197இல் 16. அதாவது, 'பழுதுற்றது' என்று விலக்கப்பட்ட தட்டு உடலளவில் நலமாக இருந்தது; அதன் வடமோ தொடுவாயோ பழுது. நலமானது என்று முறைமை நம்பிப் பணி கொண்ட தட்டுத்தான் உண்மையில் அழிந்துகொண்டிருந்தது.

இது எங்ஙனம் நேர்ந்தது? வடத்தில் தரவு சிதைந்துகொண்டே இருந்தாற் கட்டளைகள் நேரத்துக்கு நிறைவேறா. எழுதும் கட்டளை தோற்றதும் முறைமை அத்தட்டைக் கூட்டிலிருந்து நீக்கிவிடும். அதன் முடிவு தட்டு ஒத்துழைத்ததா இல்லையா என்பதைப் பற்றியது. ஏன் ஒத்துழைக்கவில்லை என்பதைப் பற்றியதன்று. மறுபுறத்தில், இரு தட்டுகளும் கூட்டில் உள்ளபோது ஒன்றில் ஒரு துண்டம் வாசிக்க முடியாது போனால், முறைமை மற்றையதிலிருந்து அதனை வாசித்து, கெட்ட இடத்தில் மீள எழுதிச் சரிசெய்துவிடும். துணை நீக்கப்பட்டபின் அவ்வழி அடைபட்டது. எஞ்சி நிற்கும் கடைசித் தட்டை முறைமை எக்குறை கண்டும் விலக்காது. விலக்கினாற் கூட்டே இல்லாது போய்விடும் அன்றோ! எனவே வாசிப்புப் பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே அது பணியைத் தொடர்ந்தது. 197ஆம் எண்ணிற் கணக்கு எட்டு எட்டாக ஏறுவதற்கும் காரணம் உண்டு. இன்றைய தட்டுகளில் உண்மையான துண்டம் 4096 பைற்றுகள் கொண்டது. வெளியுலகுக்கு அது 512 பைற்றுத் துண்டங்கள் எட்டாகக் காட்டப்படுகிறது. ஆதலாற் பதினாறு என்பது இரண்டு இடங்களே.

இப்போது மருமகன் கேட்ட வினாவுக்கு வருவோம். விலக்கப்பட்ட தட்டைக் கூட்டிற் 'திரும்பச் சேர்த்தால்' யாது நேரும்? நின்ற தட்டே உண்மை என்று கொண்டு, அதன் உள்ளடக்கத்தை முறைமை மற்றையதன் மேல் எழுதத் தொடங்கும். நலமான தட்டிலிருந்த சித்திரை மாதம் வரைக்குமான முழுமையான பிரதி, நோயுற்ற தட்டின் உள்ளடக்கத்தால் அழிக்கப்படும். பாதி வழியில் நோயுற்ற தட்டு முற்றாக நின்றுவிட்டால், ஒன்றில் அரைகுறையும் மற்றையதில் மௌனமுமே எஞ்சும். புதிய தட்டு ஒன்றை வாங்கிப் பொருத்துவதும் இதனினும் பெரிதும் வேறன்று. 4 ரெராபைற்றையும் செக்கனுக்கு 150 மெகாபைற்று என்ற வேகத்தில் வாசித்தால் ஏழு மணிநேரத்துக்கு மேல் ஆகும். நாள்தோறும் மின்வெட்டு உள்ள ஊரில், நோயுற்ற தட்டை ஏழு மணிநேரம் ஓயாது உழைக்கச் செய்வது அறிவுடைமையாகாது.

"ரெண்டையும் நிப்பாட்டு. பெட்டியைத் தொடாத" என்றேன். அவன் ஒழுங்குமுறைப்படி அணைத்தான். அம்மா தொலைபேசியை வாங்கி, "அம்மாட குரல் இரிக்கா மகன்?" என்று கேட்டார். இருக்கிறது என்று கூறினேன். எண்கள் அவ்வாறுதான் கூறின. என்றாலும் எண்கள் எவ்வளவுக்கு நம்பத்தக்கவை என்பதையும் நான் அறிந்திருந்தேன்.

2007ஆம் ஆண்டில், கோப்பு முறைமைகள் பற்றிய ஒரே மாநாட்டில் இவ்விடயத்தில் இரு புகழ்பெற்ற ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று கூகுள் நிறுவனத்தின் பின்ஹேய்ரோ, வெபர், பரோசோ ஆகியோருடையது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்தது. பரப்பை வருடிப் பார்க்கையில் முதற்பிழை தென்பட்ட தட்டு, அடுத்த அறுபது நாட்களிற் பழுதுறும் வாய்ப்பு, பிழையற்ற தட்டினதைப் போல் 39 மடங்கு என அவர்கள் கண்டனர். அதே ஆய்வு வேறொன்றையும் கண்டது: பழுதுற்ற தட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எந்த எண்ணிலும் எச்சரிக்கை காட்டாமலே வீழ்ந்தன. எண் கெட்டிருந்தால் அஞ்சவேண்டும். எண் நன்றாயிருப்பதைக் கொண்டு அஞ்சாதிருத்தல் ஆகாது. மற்றைய ஆய்வு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடர், கிப்சன் இருவருடையது. உற்பத்தியாளர் தரும் கணக்கின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான தட்டுகளே பழுதுறவேண்டும். ஆனால் நடைமுறையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது பொது வழக்கு என்றும், சில இடங்களில் அது பதின்மூன்று வரை சென்றது என்றும் அவர்கள் காட்டினர். கிப்சன் என்பவர் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையாளர் மூவருள் ஒருவரே. தாம் வகுத்த முறையின் அடிப்படையைப் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தாமே மீள ஆராய்ந்த அந்நேர்மை எம் பல்கலைக்கழகங்களிலும் பரவுதல் நன்று.

நான் களுதாவளைக்குச் செல்ல யூலை நடுப்பகுதி ஆயிற்று. எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசு அறிவித்திருந்த நாட்கள் அவை. கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகச் செல்லும் பேருந்து ஒன்றில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். கச்சான் காற்று வீசும் காலம். பகல் முழுவதும் வெக்கை.

முதலிற் பார்த்தது பெட்டி இருந்த இடத்தை. கடற்பக்கத்து யன்னலின் கீழே, சீமெந்துத் தரையில், தூசு படியாதிருக்கத் துணியொன்றால் மூடி வைக்கப்பட்டிருந்தது. யன்னற் கம்பியிலே துரு. பெட்டியின் திருகாணிகளிலும் துரு. உப்புக்காற்றின் கையெழுத்து வீடெங்கும் இருக்க, உள்ளேயுள்ள செப்புத் தொடுவாய்களை மட்டும் அது விட்டுவைத்திருக்கும் என்று எண்ண இயலுமா?

வன்தட்டு என்றதும் வெப்பமே அதன் பகை என்று எம்மவர் பலர் கருதுவர். விசிறியொன்றைப் பூட்டிவிட்டு அமைதியடைவர். முன் குறித்த கூகுள் ஆய்வோ வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவுக்குத் தொடர்பு இல்லை என்றது. 2016ஆம் ஆண்டில் மனுசாக்கிஸ் முதலியோர், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒன்பது பெருந் தரவு நிலையங்களிற் கிடைத்த விவரங்களைக் கொண்டு செய்த ஆய்வு எம் கடலோர ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது. வெளிக்காற்றைக் கொண்டே குளிரூட்டப்படும் அந்நிலையங்களில், தட்டுப் பழுதுக்கு வெப்பத்திலும் காற்றின் ஈரப்பதனே முதன்மைக் காரணம் என்றும், ஈரப்பதனாற் கெடுவது பெரும்பாலும் சுழலும் பகுதியன்று, கட்டுப்படுத்தும் மின்சுற்றும் இணைப்புகளுமே என்றும் அவர்கள் கண்டனர். எங்கள் இரண்டாவது தட்டின் கதை இதுவேதான்.

இதிலிருந்து வேறொன்றும் தெளிவாகும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி சுற்றுக்காற்றிலும் சற்றுச் சூடாயிருப்பதால் அதனுள்ளே சார்பு ஈரப்பதன் குறையும். மாரியில் இரவெல்லாம் அணைத்துக் கிடக்கும் பெட்டியினுள்ளேதான் ஈரம் தங்கும். எனவே வாவிக்கரை வீட்டில், மின்செலவை மிச்சம் பிடிக்க ஒவ்வோரிரவும் சேவையகத்தை அணைப்பது அதற்கு ஓய்வு கொடுப்பதாகாது. நான் மூன்று வாரங்களுக்கு மேல் அதனை அணைத்து வைக்கச் சொன்னதும் ஒரு கேடுதான். அழியும் தட்டை ஓடவிடும் கேட்டோடு ஒப்பிட்டு, அதனினும் சிறிய கேட்டைத் தெரிந்தேன்.

பழுதாய்வு தொடங்கியது. இரண்டு விதிகளை மருமகனுக்குக் கூறியிருந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றியதைக் கொப்பியில் எழுதவேண்டும். வடத்தையும் தொடுவாயையும் ஒருங்கே மாற்றிப் பிழை நின்றுவிட்டால், பிழை எதிலிருந்தது என்பதை இனி எக்காலத்தும் அறியமாட்டோம். இரண்டாவது விதி: தட்டைக் கழற்றுமுன் அதன் முகப்பில் அச்சிட்ட தொடரிலக்கத்தைத் திரையிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடவேண்டும். ஒரே தோற்றமுடைய இரு தட்டுகளில் நல்லதைப் பிடுங்கிவிட்டுக் கெட்டதோடு போராடியவர் உலகெங்கும் உளர்.

முதலாவது தட்டைக் கழற்றி அப்பால் வைத்தோம். இரண்டாவதனை அதே வடத்தில், அதே வாயிற் பொருத்தி, எழுதும் உரிமையின்றி வாசிப்புக்கு மட்டும் திறந்தோம். 199ஆம் எண் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த எண் ஒருபோதும் இறங்காது. அது வாழ்நாட் கணக்கு. ஏறுவது நின்றதா என்பதையே நோக்கவேண்டும். பின்னர் வடத்தை மட்டும் மாற்றினோம். புதிய வடத்துக்கு எங்கே போவது? பெட்டியிலிருந்த, நெடுங்காலமாக எவரும் பாவிக்காத இறுவட்டுச் செலுத்தியின் சாற்றா வடம் கைகொடுத்தது. எண் அதே இடத்தில் நின்றது. ஒரு மணிநேரம் கோப்புகளை வாசித்துப் பார்த்தோம், அசையவில்லை. பழைய வடத்தின் முனையை வெளிச்சத்திற் பிடித்தபோது தொடுவாய்த் தகடுகளிற் பச்சை நிறம் படர்ந்திருந்தது. சில நூறு ரூபாப் பெறுமதியான வடம் ஒன்று நாற்பதாண்டுக் குரல்களை விளிம்புக்குக் கொண்டு வந்திருந்தது.

பழுதாய்வைக் கலையாகப் பழகியவர் இந்த இடத்தில் ஒரு மனத்தூண்டலுக்கு ஆளாவர். அடுத்து முதலாவது தட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியத் துடிப்பர். நீண்ட தற்சோதனை என்றொரு கட்டளை உண்டு. அது தட்டின் பரப்பு முழுவதையும் வாசித்து முதற்பிழையின் இடத்தைக் கூறும். அதனைக் கொடுக்க மருமகனின் விரல் துடித்தது. தடுத்தேன். காரணம் அறிவது ஒன்று. உள்ளதைக் காப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே திசையிற் செல்லும்வரை இடர் இல்லை. நோயுற்ற தட்டில் எஞ்சியுள்ள உழைப்பு எவ்வளவு என்பது எவர்க்கும் தெரியாது. அந்த உழைப்பைச் சோதனைக்குச் செலவிட்டால் மீட்புக்கு மிஞ்சாது. வெற்றிலைத் தோட்டத்தில் அழுகல் கண்டவன் அது எந்த வகை அழுகல் என்று ஆராயுமுன், நல்ல கொடிகளிலிருந்து நடுவதற்குத் துண்டுகளை வெட்டி வேறிடத்திற் சேர்ப்பான். இதை அவனுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் தந்தையே தோட்டக்காரர்.

எனவே முதலில் இரண்டாவது தட்டில் இருந்தவற்றை வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்தோம். மின்வெட்டு நேரங்களைப் பார்த்து இரு இரவுகளில் அது முடிந்தது. அம்மம்மாவின் தாலாட்டு முழுமையாக இருந்தது. அதன் பின்னரே நோயுற்ற தட்டைப் பொருத்தினோம். அதிலிருந்து வேண்டியது சித்திரைக்குப் பிற்பட்டவை மட்டும். நான்கு ரெராபைற்றில் அது மிகச் சிறு பகுதி. அவற்றையும் முதன்மை நோக்கி வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒரு கோப்பு மட்டும் நடுவழியில் நின்றுவிட்டது.

இத்தகைய நிலைக்கென்றே உருவாக்கப்பட்டது ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் நெறி எளியது. இலகுவில் வாசிக்கக்கூடியவற்றை முதலில் எடுக்கும். முரண்டும் இடத்தைத் தாண்டிச் சென்று, மற்றவையெல்லாம் கைக்கு வந்தபின் மீண்டு வந்து அவ்விடத்தை நெருங்கும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், மின்சாரம் நின்று மீண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எம் நாட்டு மின்வெட்டை எண்ணி இதனை ஆக்கினார்களோ என்று தோன்றிற்று! அக்கோப்பில் 4096 பைற்றுகள் கொண்ட ஒரேயொரு துண்டம் தவிர மற்றவை யாவும் வந்து சேர்ந்தன. 197ஆம் எண் அப்போது 24 ஆகியிருந்தது.

ஊரில் வழங்கும் வேறு சில கைமருந்துகளையும் இங்கு ஒருவாறு குறிப்பிடவேண்டும். தட்டைக் குளிரூட்டியில் வைத்தெடுத்தால் உயிர் பெறும் என்பர். எழுவான்கரைக் காற்றிற் குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்தாற் கணப்பொழுதில் நீர் படியும். மின்சுற்றில் நீர் படிந்தபின் எதை மீட்பது? மூடியைத் திறந்து பார்ப்போரும் உளர். சுழலும் பரப்புக்கும் வாசிக்கும் தலைக்கும் இடைவெளி சில நனோமீற்றர் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத தூசும் அதற்கு ஒரு பாறை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில், அதாவது செக்கனுக்கு 120 முறை, அப்பாறை என்ன செய்யும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. 'டொக், டொக்' என்று ஒலி எழுப்பும் தட்டு மட்டும் சில வேளை பிழைக்கும். வலுவிழந்த மின்வழங்கியாற் போதிய மின்னோட்டம் கிடைக்காதபோதும் அவ்வொலி எழும் ஆதலின், வேறொரு மின்வழங்கியில் ஒரு முறை இணைத்துப் பார்ப்பது தகும். அங்கும் ஒலித்தால் உடனே நிறுத்துக.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுடைய ஐம்பது தட்டுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளைக் கொண்டன. எங்கள் குளிர்த்திப் பதிவு ஒன்றின் அரை நிமிடம் கூட அதனுள் அடங்காது. ஆனால் அத்தட்டுகளுக்கும் இன்றைய தட்டுகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. இரண்டும் தேயும் பொருள்கள். எம் முன்னோர் ஏட்டுச்சுவடியைப் பற்றி இதனை நன்கு அறிந்திருந்தனர். ஏட்டை மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பேணினர். அதே வேளை அது சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். படியெடுப்போர் இல்லாதுபோன தலைமுறையில் நூல்கள் மறைந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தமையால் மறைந்தவையும் பல. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு கிடைத்தற்கரிய சுவடிகளும் ஓரிரவில் அழிந்தன. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும் 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் மட்டக்களப்புக் கரையோரத்து வீடுகளிலிருந்து கொண்டுபோன கொப்பிகளையும் ஏடுகளையும் எவரும் எண்ணவில்லை. ஆடிமுறையில் இயங்கும் இரண்டு தட்டுகள் ஒரே பெட்டியில், ஒரே யன்னலின் கீழ் இருப்பவை. வெள்ளத்துக்கும் இடிக்கும் அவை இரண்டல்ல, ஒன்றே. தவறுதலாக அழித்த கோப்பும் இரண்டிலிருந்தும் ஒரே கணத்தில் அழியும். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தினர் போன்றோரின் பணியை யான் மதிப்பது இதனாலுமே. வீட்டுப் பெட்டியிலுள்ள பிரதி வீட்டை விட்டு வெளியே போகும் வழியை அவர்கள் திறந்துள்ளனர்.

இப்போது பெட்டி வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், துணி மூடாமல் இருக்கிறது. நோயுற்ற தட்டினிடத்திற் புதியது பொருத்தப்பட்டுள்ளது. ரூபாவின் வீழ்ச்சியால் அதன் விலை பழையதனினும் இரு மடங்குக்கு மேலாயிற்று. மாதம் ஒரு முறை வெளித்தட்டு ஒன்று மட்டக்களப்பு நகரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய், அங்குள்ளது இங்கு வரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரு தட்டுகளின் பரப்பையும் முறைமை முழுமையாக வாசித்து ஒப்பிடுகிறது. எவரும் திறக்காத கோப்பிற் பிழை ஒளிந்திருக்க அது இடங்கொடாது. மருமகன் 5, 197, 199 ஆகிய மூன்று எண்களையும் வெற்றிலைக் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கங்களிற் குறித்து வருகிறான். நீண்ட தற்சோதனையை விலக்கிய பழைய தட்டின் மேல் ஆசைதீரச் செய்து பார்த்தான். பரப்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுமுன் அது நின்றுவிட்டது.

மீளாத அந்த ஒரு துண்டம் குளிர்த்திப் பாடற் பதிவு ஒன்றில் உள்ளது. சுருக்கப்படாத ஒலிக்கோப்பில் ஒரு செக்கனுக்கு 176,400 பைற்றுகள். ஆகவே 4096 பைற்றுகள் என்பது ஒரு செக்கனின் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. அதே அளவான துண்டம் கோப்புகளின் அட்டவணையில் விழுந்திருந்தால் ஓர் உறை முழுவதும் காணாமற் போயிருக்கும். இங்கோ உடுக்கொலிக்கு நடுவே ஒரு சிறு சொடுக்கு மட்டும் கேட்கிறது. பாடிய முதியவர் அடுத்த வைகாசிக்கு இருக்கவில்லை. அச்சொடுக்கை நீக்கித் தருவதாக மருமகன் கூறி, அருகிலுள்ள ஒலியைக் கொண்டு நிரப்பியும் காட்டினான், வேறுபாடு தெரியவில்லை. அம்மா இரண்டையும் கேட்டார். முதலாவதில் அவர் மூச்செடுத்த இடம் தெரிகிறது என்றார். அது மூச்சன்று என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. திருத்திய படியும் திருத்தாத படியும் இரண்டுமே இப்போது பெட்டியில் உள்ளன.